மறு: கழல்கூடா, கழற்றுகூடா? பெருந்துளை ரைஃபிள் சொற்கள்

ஐயாவுக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

> 'டிட்டாச்சபிள் மேகசின்' என்பதற்குப் 'பிரித்தெடுக்கக்கூடிய வெடிபொருள் கிடங்கு' என்று போட்டிருக்கிறேன். சுருக்கமாக வேண்டுமென்றால் 'கழல்கூடு'. எது சரி?

ஐயா, இரண்டும் வேண்டாம். நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரை எதைப் பற்றியது என்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்க எருமை வேட்டைக்கு ஒருவர் தன் அளவுக்குச் செய்துகொள்ளும் பெரிய ரைஃபிள், அதில் கழற்றி மாட்டும் மேகசின், அதாவது தோட்டாக்கள் இருக்கும் பெட்டி. அந்த ரைஃபிளைச் செய்கிறவர் எதை நினைத்துப் பயப்படுகிறாரோ அதற்கு எதிரான சொல்லாக நம் சொல் அமைந்துவிடக் கூடாது.

முதலில் கிடங்கு. மருந்துக் கிடங்கு என்றால் சரி, அங்கே சரக்கு கிடக்கும். ரைஃபிளின் மேகசினில் எதுவும் சும்மா கிடப்பதில்லை. அடியில் ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் தோட்டாக்கள். ஸ்பிரிங் அவற்றை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், மேலே இருபுறமும் மடித்துவிட்ட தகட்டு விளிம்பு அவை வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உறுப்பான போல்ட் முன்னே போகும்போது ஒரே ஒரு தோட்டா, சரியான கோணத்தில், குழலின் வாயைப் பார்த்தபடி நழுவ வேண்டும். 1898 மாதிரி மவுசர் ரைஃபிளில் தோட்டாவின் அடிவிளிம்பு மேகசினிலிருந்து மேலே வரும்போதே போல்ட்டின் பெரிய நகத்துக்குள், அதாவது தோட்டாவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிக்குள், ஏறிவிடும், அதனால்தான் ஆபத்தான விலங்கு வேட்டைக்காரர்கள் இன்றும் அந்த அமைப்பை நம்புகிறார்கள். அதற்குக் கழற்றும் மேகசின் வைப்பது என்றால் விளிம்பு மடிப்பின் ஒவ்வொரு வளைவும் நகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இவ்வளவு வேலை செய்கிற பொருளைக் கிடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அளவும் அப்படித்தான். தோட்டாக்கள் இரண்டு வரிசையாக மாறி மாறி உட்காரும் பெட்டியின் உள்ளகலம் கண்ணளவில் வருவதில்லை. மூன்று தோட்டாக்கள் ஒன்றையொன்று தொட்டால் அவற்றின் மையங்கள் சமபக்க முக்கோணமாகும். ஆக அகலம் என்பது தோட்டாவின் விட்டம் × 1.866. .416 ரிக்பி தோட்டாவின் அடிப்பகுதி ஏறத்தாழ 15 மி.மீ., பெட்டி 28 மி.மீ. வேண்டும். தோட்டா முன்னால் சற்று ஒடுங்குவதால் முன்பக்கத்துக்குத் தனிக்கணக்கு. நீளமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்: .458 வின்செஸ்டர் மேக்னம் 84.8 மி.மீ., .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 91.4, ரிக்பி 95. ஒன்றுக்குச் செய்த பெட்டி மற்றொன்றுக்கு உதவாது. கூடு என்றால் உள்ளே இருப்பதன் அளவுக்கு அமைந்தது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால் உங்கள் சொல்லில் 'கூடு' எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பாதிதான் சிக்கல்.

கழல் தன்வினை, கழற்று பிறவினை. நட்டு கழன்று விழுந்தது என்கிறோம், நட்டைக் கழற்றினான் என்கிறோம். முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. பெரிய ரைஃபிளில் இந்த வேறுபாடு உயிர் போகிற விஷயம். .375 மேக்னம் உதைக்கும் ஆற்றல், சாதாரண வேட்டைத் தோட்டாவான 30-06 உதைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, .458 அதற்கும் மேலே. அந்த உதைப்பில் கொண்டி விட்டுக்கொடுத்து மேகசின் தானாகக் கழன்றால், எதிரே காயம்பட்ட எருமை நிற்கும்போது கையில் இருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான், அதுவும் குழலில் ஒன்று மிச்சம் இருந்தால். இந்த அச்சத்தால்தான் பெருந்துளை ரைஃபிளுக்கு அடித்தட்டு வைத்த நிலையான பெட்டியே போதும் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். சாக்கோ 85 மாதிரியில் மேகசினை ஒருமுறை மேலே அழுத்திவிட்டுத்தான் கொண்டியை விடுவிக்க முடியும், தற்செயலாகக் கை பட்டால் விழாது. கழலவே கூடாது, ஆனால் கழற்ற முடிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். நாம் அதற்குக் கழல்கூடு என்று பெயர் வைத்தால் பழுதின் பெயரையே பொருளுக்கு வைத்ததாகிவிடும்.

எனவே என் முன்மொழிவு கழற்றுகூடு. நிலையாக இருப்பது நிலைக்கூடு. பொதுப்பெயர் தோட்டாக்கூடு. கழற்றுகூடு வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல, நடுவில் 'க்' வராது. யாராவது 'கழற்றுக்கூடு' என்று திருத்த வந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். சென்னையில் நாம் 'கழட்டு' என்றுதான் பேசுகிறோம், அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் டூல் ரூமில் யாரிடம் சொன்னாலும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கலைச்சொல்லுக்கு அதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

> ஈழத்தில் ரவைக்கூடு என்ற சொல் பரவலாகப் புழங்குகிறது. புதிதாக எதற்கு?

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ரவைக்கூடு அங்கே செய்தித்தாளில் அன்றாடம் வரும் சொல், அதைத் தள்ளிவைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ரவை என்றால் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தோடு கெட்டிக்கும் சிறு ஈய உருண்டைகள். .416க்குள் இருப்பது 400 கிரெய்ன், கிட்டத்தட்ட 26 கிராம் எடையுள்ள ஒற்றைக் குண்டு. இங்கே படிப்பவருக்கு ரவை என்றதும் பறவை வேட்டைதான் நினைவுக்கு வரும். ஆகவே தோட்டாக்கூடு என்று போட்டு, அருகிலேயே ஈழ வழக்கு ரவைக்கூடு என்றும் பதிவு செய்வோம். 'கூடு' இரண்டுக்கும் பொது, அதை ஈழத்திலிருந்துதான் எடுக்கிறோம் என்பதையும் எழுதிவிடுவோம்.

ஒரு ஆட்சேபணை வரும்: சுட்டபின் விழும் வெற்று உறையையும் தோட்டாக் கூடு என்று சிலர் எழுதுகிறார்களே என்று. அதற்கும் ஈழத்தில் விடை இருக்கிறது, கோது. புளியங்கோது மாதிரி உள்ளே இருந்தது போனபின் மிஞ்சும் ஓடு. வெற்றுக்கோது என்று நாமும் எடுத்துக்கொண்டால் கூடு மேகசினுக்கு மட்டும் என்றாகும். அப்புறம், தோட்டா வேறு, குண்டு வேறு. கோது, மருந்து, குண்டு, அடியில் எரியூட்டி எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்து எழுதுகின்றன. இந்தக் கட்டுரையில் கலந்தால் ஒரு முக்கியமான பத்தியே புரியாமல் போகும்: சுடும்போது ரைஃபிள் பின்னே பாய்கிறது, கூட்டில் மீதமுள்ள தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன, அதனால் கூட்டின் முன்சுவர் வந்து குண்டுகளின் மூக்கில் இடிக்கிறது. ஈய மூக்கு நசுங்கும். குண்டின் மேல் கோதின் பிடிப்பு இறுக்கமாக இல்லையென்றால் குண்டு கோதுக்குள் அமுங்கிவிடும்.

செருகுகூடு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் செருகுவது கூட்டை மட்டும் அல்ல. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜேம்ஸ் பாரிஸ் லீ கழற்றுகூட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1879ல். அதே குடும்பத்தில் வந்த, நம் ஊர் போலீஸ் கையில் நாம் எல்லோரும் பார்த்த 303 ரைஃபிளிலும் கூடு கழலக்கூடியதாக அல்ல, கழற்றக்கூடியதாகவே இருந்தது. ஆனால் சிப்பாய்கள் அதைக் கழற்றி மாற்றவில்லை, ஐந்து தோட்டாக்களைப் பிடித்திருக்கும் ஒரு தகட்டை மேலே செருகி உள்ளே தள்ளினார்கள். அந்தத் தகட்டைத்தான் பலர் மேகசினோடு குழப்புகிறார்கள். அதற்குத் தோட்டாக்கவ்வி என்று தனிச்சொல் வேண்டும், செருகு என்பதை அதற்கே விட்டுவைப்போம்.

இனி 'பிக் போர்'. போர் என்று எழுதினால் சென்னையில் பாதிப் பேருக்கு ஆழ்துளைக் கிணறு, மீதிப் பேருக்கு யுத்தம். பெருந்துளை என்று ஐயா போட்டது சரி, ஆனால் தனியாக நிற்காது. 12 போர் துப்பாக்கியின் துளை 18.5 மி.மீ., .458 ரைஃபிளின் குண்டு 11.6 மி.மீ. தான். துளையை மட்டும் பார்த்தால் 12 போர்தான் பெருந்துளை, அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழலுக்குள் புரி வெட்டியிருப்பதும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகிறது, ஆகவே சொற்பட்டியலில் பெருந்துளைப் புரிகுழல் என்றும், கட்டுரைக்குள் பெருந்துளை ரைஃபிள் என்றும் எழுதலாம். ரைஃபிள் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதோடு சண்டை போட வேண்டியதில்லை.

எண்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். .375 என்பதை 9.5 மி.மீ. என்று மாற்றியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் விளக்கமாக இருக்கலாம், நம் பட்டறைக் கணக்கில் சரியாக மூன்று நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று) என்றும் சொல்லலாம், பெயராகக் கூடாது. இந்த எண்கள் அளவல்ல, வாணிபப் பெயர்கள். .404 ஜெஃப்ரியின் குண்டு .423 அங்குலம். .450 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு .458. இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு: .450 அளவுள்ள மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிள்கள் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டதால் 1907 வாக்கில் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தது, உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று சற்றே விலகிய அளவுகளில் இறங்கினார்கள். இந்த வரலாறு அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. மி.மீ. ஆக்கினால் தொலைந்துவிடும்.

மீதிச் சொற்கள் குறித்து வேகமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் மேல் இருப்பது ஏந்துதட்டு. மேல்விளிம்பு மடிவிளிம்பு. கூட்டைப் பிடித்திருப்பது கொண்டி, கதவுக்குச் சொல்வதேதான். 'ரீகாயிலுக்கு' பின்னுதைவு என்று எழுதியிருக்கிறீர்கள், உதைப்பு போதும், துப்பாக்கி வேறு எந்தப் பக்கமும் உதைக்காது. குதிரை பழைய சொல், சுத்தியல் போல அடிக்கும் உறுப்புக்கு உரியது, விரல் இழுப்பதற்கு விசை என்றே இருக்கட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை படிப்படியாக நின்றுபோனது, அதற்கு முன்பும் இந்த வகை ரைஃபிள் வைத்திருந்தவர்கள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு நம்மிடம் கெட்டித்தல், மருந்து, ரவை, குதிரை என்று சொற்கள் வளமாக இருக்க, இதற்கு ஒன்றும் இல்லாமல் போனது அதனால்தான்.

போல்ட் இன்னும் முடிவாகவில்லை. தாழ் என்றால் குனிந்தது என்று படித்துவிடுவார்கள், தாழ்ப்பாள் நீளம். முன்னே தள்ளி, கீழே திருப்பிப் பூட்டுகிற வேலைக்குத் தாழ்ப்பாளைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதன் தலையில் துருத்தியிருக்கும் காதுகள் போய் உட்காரும் பள்ளத்துக்கு நாதாங்கி என்றும் வைக்கலாம். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால் எழுதுங்கள், ஐயா கட்டுரையை அனுப்புவதற்கு முன் இதை முடித்துவிடலாம்.