கறுப்பு பீர் ஊற்றிய ரை பிரெட் நடுவில் குழி விழுகிறது

மதுரை அண்ணா நகரில் இருக்கிறேன். பிரெட் மெஷினில் 250 கிராம் ரை (rye, கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவு, 250 கிராம் ஆட்டா, தண்ணீருக்குப் பதில் 330 மில்லி கறுப்பு பீர், 2 டீஸ்பூன் ஈஸ்ட். நன்றாக உப்பி வந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சுட ஆரம்பித்ததும் நடுப்பகுதி அப்படியே இறங்கிவிட்டது. வாசனை அருமை, ஆனால் கத்தியில் பசை மாதிரி ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பாதிக்குப் பாதி ரை அதிகம் அக்கா. கோதுமையில் வருகிற இழுவை ரையில் வராது, அதனால் காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் அமுங்கிவிடும். ரை 150 கிராம் போதும். ஆட்டாவோடு கொஞ்சம் மைதாவும் சேருங்கள்.

பதில் 2:
நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்யும், மெஷினுக்கு அது தெரியாது, அது தன் நேரக் கணக்குப்படிதான் ஓடும். பீரை முந்தின இரவே கிண்ணத்தில் ஊற்றி நுரை அடங்கவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, சில்லென்று சேருங்கள். ஈஸ்ட் 1 டீஸ்பூன், உப்பைக் குறைக்காதீர்கள். கசப்பு தெரிந்தால் ஒரு ஸ்பூன் கருப்பட்டித் தூள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. நேற்று இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துச் செய்தேன், மேலே குழியே இல்லை. இன்று காலையில்தான் வெட்டினேன், ஒட்டவில்லை.