2^31 − 1 பகா எண் இல்லையாம்: என் நிரலில் எங்கே தப்பு?

கேட்டவர்:
வணக்கம். மெர்சென் எண்கள் (2^ப − 1 வடிவில் வருபவை) பகா எண்ணா என்று சோதிக்க லூக்கா–லேமர் முறையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2^ப − 1-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். ப − 2 சுற்று முடிந்து 0 வந்தால் பகா எண். ப-வுக்கு 3, 5, 7, 13, 17, 19 கொடுத்தால் எல்லாம் சரி. 11, 23, 29 பகு எண் என்கிறது, அதுவும் சரி. 31-க்கு மட்டும் 0 வரவே மாட்டேன் என்கிறது. 2147483647 பகா எண் என்று ஆய்லர் 1772-லேயே கையால் காட்டிவிட்டார், என் லேப்டாப் மறுக்கிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
சுற்று ஒன்று கூடக்குறைய ஓடுகிறதோ?

கேட்டவர்:
இல்லை, 29 தான். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பதில் 2:
ஒவ்வொரு சுற்றின் மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள். 4, 14, 194, 37634, 1416317954 வரை ஒழுங்காக வரும். அடுத்து 669670838 வர வேண்டும், உங்களுக்கு வேறு ஏதோ வந்திருக்கும். 1416317954-இன் வர்க்கம் 19 இலக்கம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2^53 வரைதான் முழு எண்களை ஒன்றுவிடாமல் வைத்துக்கொள்ளும். இந்த உயரத்தில் அதற்கு 256-இன் மடங்குகள் மட்டுமே தெரியும். நீங்கள் 2-ஐக் கழிப்பது அதற்கு உறைக்கவே உறைக்காது.

29-க்குச் சரியான விடை வந்தது வெறும் அதிர்ஷ்டம். அங்கேயும் கணக்கு அதே சுற்றில் கெட்டுவிட்டது. ஆனால் அது பகு எண், எப்படியும் 0 வரக்கூடாது, அதனால் தப்பித்தீர்கள்.

பிக்இன்டுக்கு (எவ்வளவு பெரிய முழு எண்ணையும் இலக்கம் விடாமல் வைத்துக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் வகை) மாற்றுங்கள். தொடக்க 4, கழிக்கிற 2 எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கலந்து வைத்தால் டைப் எரர் அடிக்கும்.

கேட்டவர்:
வந்துவிட்டது! கடைசிக்கு முந்தைய மதிப்பு 65536, அப்புறம் 0. அதுவரை கன்னாபின்னா என்று ஓடிய எண்கள் திடீரென 65536-இல் வந்து நிற்பது தற்செயலா?

பதில் 2:
இல்லை. 65536 என்பது 2^16. அதன் வர்க்கம் 2^32, அதில் 2 போனால் 2^31 − 1-இன் சரியான இரு மடங்கு. 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய மதிப்பு 2^16 ஆகவோ, 2^31 − 1-இலிருந்து அதைக் கழித்த எண்ணாகவோதான் இருக்க முடியும். வேறு வழி கிடையாது.

கேட்டவர்:
சரி, இன்னொரு குழப்பம். எந்தெந்த ப-வுக்கு 2^ப − 1 பகா எண் என்று மெர்சென் 1644-இல் கொடுத்த பட்டியலில் 67, 257 இருக்கின்றன. என் நிரல் இரண்டையும் பகு எண் என்கிறது. பட்டியலில் இல்லாத 61, 89, 107-ஐப் பகா எண் என்கிறது. மறுபடியும் எங்கோ கெட்டுவிட்டதா?

பதில் 3:
இந்த முறை நிரல் சரி, மெர்சென்தான் தவறு. ஐந்து இடத்திலும் அவர் சறுக்கினார். 2^67 − 1 பகு எண் என்று லூக்கா 1876-இல் காட்டினார், ஆனால் காரணிகளை அவரால் சொல்ல முடியவில்லை. 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் சொன்னார்: 193707721 × 761838257287. பெருக்கிப் பாருங்கள், பிக்இன்டில்தான்!

கேட்டவர்:
147573952589676412927. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறது. முதலில் பழக்கதோஷத்தில் சாதாரண எண்ணாகவே பெருக்கிவிட்டேன், கடைசி நான்கு இலக்கமும் வேறாக வந்தது.