கல்லறைத் திருநாள் பட்டியல்: உங்கள் வீட்டுப் பெயர்களை அனுப்புங்கள்

அன்புள்ள சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இங்கே யாங்கோனில், நம் பழைய ரங்கூனில், மழை விட்டுவிட்டது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்புக்கு மேல் நிற்கிறதாம். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஆள் வைத்து வெட்டி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, நவம்பர் 2-க்குள் முடித்துவிடுவோம். அந்த வேலைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இதை எழுதுவது, அன்றைய பூசையில் வாசிக்கிற, இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்காக.

போன மாதம் சிட்னியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அப்பாவை யாங்கோனில் அடக்கம் செய்தோம். இப்போது அந்த இடுகாடே இல்லை என்கிறார்கள். நம் கோயில் பூசையில் அப்பா பெயரையாவது வாசிப்பார்களா?" வாசிப்போம், தங்கச்சி. போன வருஷமும் வாசித்தோம். நீங்கள் கேட்ட பிறகுதான், வெளியே இருக்கிற பலருக்கு இந்தப் பட்டியல் எப்படி உண்டாகிறது என்றே தெரியாது என்பது எனக்கு உறைத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடுகாட்டு விஷயம். 1990களில் யாங்கோன் நகரத்துக்குள் இருந்த பழைய இடுகாடுகளை எடுத்து, ஊருக்கு வெளியே யேவே பக்கம் மாற்றினார்கள். இங்கே இருந்த குடும்பங்கள் ஓடிப்போய் எலும்புகளை எடுத்து மறுபடி அடக்கம் செய்தன. 1964, 65-ல் கப்பல் ஏறிப் போன குடும்பங்களுக்கு யார் சொல்வது? கடையை பர்மா அரசு எடுத்துக்கொள்ள, கையிலிருந்த ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டும் செல்லாமல் போய், மெட்ராஸ் துறைமுகத்தில் டிரங்குப் பெட்டியோடு இறங்கியவர்கள் அவர்கள். இங்கே விட்டுவந்த கல்லறைக்கு ஆபத்து வரும் என்று நினைத்திருப்பார்களா? அப்படிப் போன கல்லறைகளில் நம் சபையார் பலருடையதும் உண்டு. என் அத்தை ஒருத்தியுடையதும் அதில் போயிற்று.

இரண்டாவது, ஆதியிலிருந்தே கல்லறை இல்லாதவர்கள். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது, கிறிஸ்துமஸ் அன்றும் விழுந்தது. அப்புறம் சனம் இந்தியாவுக்கு நடக்க ஆரம்பித்தது. புரோம் போய், அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு ஒரு கூட்டம். மண்டலே, கலேவா, தாமு வழியாக இம்பாலுக்கு ஒரு கூட்டம். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இந்தியா போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். சேராமல் போனவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. வாந்திபேதி, மலைக்காய்ச்சல், பசி. விழுந்தவர்களை இலை தழை போட்டு மூடிவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மூடக்கூட நேரம் கிடைக்காதவர்களும் உண்டு.

பெகு பஸ் தௌக்கியானைத் தாண்டும்போது அங்கே போர்க் கல்லறையைப் பார்ப்பேன். 6,374 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லடியிலும் பூச்செடி. நடுவில் இருக்கிற தூண்களில், கல்லறை தெரியாத சிப்பாய்களின் பெயர்கள், 27,000-க்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறது. ஒருமுறை இறங்கிப் போய் அந்தத் தூண்களில் விரலை வைத்துப் பார்த்தேன். தமிழ்ப் பெயர்களும் கிடைத்தன. உடம்பு கிடைக்காவிட்டால் பெயரையாவது வைக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதே வருஷம், அதே காட்டில், கைக்குழந்தையோடு நடந்து செத்த நம் பெண்களுக்கு அப்படி ஒரு தூணும் இல்லை. அவர்களுக்கு இருப்பது நவம்பர் 2-ம் தேதி காலைப் பூசையில் நாம் வாசிக்கிற நாலு பக்கத் தாள்தான். அதனால்தான் அதில் ஒரு எழுத்து பிசகினாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

அந்தத் தாளின் முதல் பக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பழைய உபதேசியார் தாமு வழியில் நடந்தவர். 1946-ல் திரும்பி வந்தபோது ஒரு பள்ளிக்கூட நோட்டும் கூட வந்தது. இப்போது அது என்னிடம் இருக்கிறது. பழைய லுங்கித் துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு, தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். எல்லாம் பென்சில் எழுத்து. நேராகப் பார்த்தால் வெறும் தாள் மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எழுத்து வெள்ளி போல மினுங்கும், அப்போதுதான் படிக்க முடியும். ஒரு ஆளுக்கு ஒரு வரி: பெயர், இடம், என்ன நோவு. "கலேவாவுக்கு அப்பால், ஆற்றங்கரை, பேதி." "மூங்கில் காடு, காய்ச்சல், செபம் சொன்னோம்." சில நாளில் ஆறேழு வரி இருக்கிறது. சில நாளில் வெறும் தேதி மட்டும், நடந்த களைப்பில் எழுதவில்லையோ, அன்றைக்கு யாரும் சாகவில்லையோ. அந்த வெறும் தேதிகளைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மற்றப் பக்கங்கள் கோயில் பதிவேட்டிலிருந்தும் குடும்பங்கள் சொன்னதிலிருந்தும் சேர்ந்தவை. சிக்கல் அங்கேதான். பிரெஞ்சு சாமியார்கள் இலத்தீனில் எழுதிவைத்த பதிவேட்டில் ஒருவர் பேத்ருஸ். வீட்டில் அவரே இராயப்பன். பவுலுஸ் என்று இருந்தால் சின்னப்பன், யோசேபுஸ் என்றால் சூசை. பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அடையாள அட்டை வாங்கவும் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதனால் மரணச் சான்றிதழில் அதே இராயப்பன் ஒரு 'உ தின் மாங்'. குடும்பப் பெயர் என்ற வழக்கம் பர்மியரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. மூன்று தாளையும் ஒரே ஆளுக்குச் சேர்ப்பதற்குள் கண் பூத்துப்போகும். போன வருஷம் ஒரு பெரியவரை நாங்கள் இரண்டு பேராக வாசித்துவிட்டோம். அவருடைய மகள் பூசை முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு ரெண்டு தரம் இளைப்பாற்றி கிடைச்சுது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பட்டியலை வாசிப்பவன் ஒரு கரேன் இனத்துப் பையன். பாட்டுக்குழுவில் இருக்கிறான், நல்ல குரல், நல்ல பக்தி. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட முதலில் வருகிறவனும் அவன்தான். தமிழ் படிக்கத் தெரியாது, பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். பர்மியத்தில் அந்த 'ர' எழுத்து 'ய' ஆகத்தான் வாயில் வரும். ரங்கூன் யாங்கோன் ஆனதும் அப்படித்தானே. அதனால் இராயப்பன் யாயப்பன் ஆகிறார், ஆரோக்கியம் ஆயோக்கியம் ஆகிறது. அவன் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. "ஆன்டி, சரியாச் சொல்லிக் குடுங்க" என்று ஒவ்வொரு வருஷமும் அவனாகவே வந்து கேட்கிறான். ஆனால் என் வாய்க்குத் தெரிந்தது என் வீட்டுப் பெயர்கள்தான். உங்கள் பாட்டியை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் இறந்தவரின் பெயரைக் கைப்பேசியில் உங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து, மடலோடு அனுப்புங்கள். கூடவே ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், பர்மியப் பெயர் இருந்தால் அதுவும், தாய் தகப்பன், தமிழ்நாட்டில் எந்த ஊர், இறந்த வருஷம். தெரிந்த வரைக்கும் போதும். அக்டோபர் 20-க்குள் வந்தால் பையனோடு உட்கார்ந்து பழக எனக்கு நேரம் கிடைக்கும். பணம் அனுப்ப வேண்டாம். பூசைக் காசு இங்கே இருக்கிறவர்கள் போட்டுக்கொள்கிறோம்.

கப்பலேறிப் போய் வியாசர்பாடியிலோ திருச்சியிலோ இறந்தவர்களைச் சேர்க்கலாமா என்று போன வருஷம் இங்கே பேச்சு வந்தது. அவர்களுக்கு அந்தந்தப் பங்கில் பூசை வைப்பார்கள், இங்கே அடக்கமானவர்கள் போதும் என்றார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஞானஸ்நானத் தொட்டியில் தலை நனைத்தவர் எங்கே கண்ணை மூடினாலும் நம் சபைதான். அதனால் அவர்களையும் எழுதுங்கள். பக்கம் கூடினால் கூடட்டும், பூசை கால் மணி நேரம் நீண்டால் யாரும் எழுந்து போய்விட மாட்டோம்.

கடைசியாக ஒரு கேள்வி. உபதேசியார் நோட்டில் ஒரு வரி எனக்கு இன்னும் தீரவில்லை. 1942 ஏப்ரல் கடைசி, தாமுவுக்கு இந்தப் பக்கம். வரியின் ஆரம்பத்தில் பெயர் இருந்த இடத்தைக் கரையான் அரித்துவிட்டது. மிச்சம் இருப்பது: "ஆண் பிள்ளை. எட்டு நாள். ஞானஸ்நானம் நான் கொடுத்தேன். தாய் நடக்கிறாள்." ஒவ்வொரு வருஷமும் "எட்டு நாள் ஆண் பிள்ளை" என்றுதான் வாசிக்கிறோம். அந்தத் தாய் இம்பால் போய்ச் சேர்ந்திருந்தால் அவளுக்குப் பின்னால் வேறு பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். உங்களில் யாருடைய வீட்டிலாவது, "மூத்தவன் தாமு வழியிலேயே போயிட்டான்" என்று பாட்டி சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் சகோதரி,
யாங்கோனிலிருந்து