குற்றவியல் நீதி, நிரலாக்கம் படித்த நம் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

லயத்துப் பெண்:
கோயில் மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வரிசையாக மேசை, இலவசப் பை. ஒரு மேசைக்காரர், "குற்றவியல் நீதி டிப்ளோமா முடிச்சா நேரா இன்ஸ்பெக்டர்தாம்மா" என்றார். பதிவுக் கட்டணம் 800 வெள்ளி. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். கொடுத்த நோட்டிலும் ஒட்டுப்பால் வாடை ஏறியிருந்தது. மேசைக்காரர் எண்ணி முடித்ததும் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார்.

இரண்டாம் பருவத்தில் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் மனு திரும்பி வந்தது. படிப்புக்கு அங்கீகாரமே இல்லையாம். அதே வாரம் வகுப்பில் தண்டனைச் சட்டம், 415, 420ஆம் பிரிவுகள். சண்டை வந்தால் நம்மவர்கள் "420" என்பார்களே, அதுதான். நம் சட்டம் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது, அதனால் எண்ணும் அதே எண். ஏமாற்றி ஒருவரிடம் பொருளைக் கொடுக்க வைப்பது எப்படிக் குற்றமாகிறது என்று விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நின்றது அந்தக் கைக்குட்டைதான்.

குலைவெட்டி மகள்:
நான் நிரலாக்கம், ஈப்போவில் பாலிடெக்னிக். வீட்டில் கணினி கிடையாது. நோட்டில் பென்சிலால் எழுதி வைத்து, மறுநாள் லேபில் தட்டுவேன். முதல் வருடம் சம்பளம் கணக்கிடும் ஜாவா நிரல் எழுதச் சொன்னார்கள். அப்பா செம்பனை வெட்டுபவர், வெட்டிய குலைகளின் அன்றன்றைய எடையை 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டில் குறித்துவிடுவார். ஒரு மாதக் கணக்கைப் போட்டு ஓடவிட்டேன். சேமநிதி, சொக்சோ காப்புறுதிச் சந்தா கழித்த பிறகும் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) கொடுத்த சம்பளச் சீட்டைவிட 37 வெள்ளி 40 சென் கூடுதல். மூன்று முறை ஓட்டினேன், அதே தொகை.

அச்செடுத்த தாளை அப்பாவிடம் நீட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, சீட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது. "கிராணிகிட்ட கேக்காதம்மா" என்றார். அவ்வளவுதான். எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பிழை நிரலிலா சீட்டிலா என்று இன்றுவரை தெரியாது.

கிராணி பேரன்:
தங்கச்சி, பிழை உங்கள் நிரலில்தான். 1850 கிலோவை டன்னாக்க 1000ஆல் வகுக்கும்போது இரண்டும் முழு எண்ணாக இருந்தால் ஜாவா 1 என்றுதான் சொல்லும், 1.85 வராது. புதிதாகப் படிக்கும் எல்லோரும் இதில் விழுவார்கள். என் தாத்தா 31 வருடம் கிராணி, ஒரு சென் தவறியதில்லை.

லயத்துப் பெண்ணுக்கும், இனிமேல் சேரப்போகிறவர்களுக்கும்: பணம் கட்டுமுன், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏவின் பதிவேட்டைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சட்டம் 679இல் அமைந்த நிறுவனம் அது. பதிவேடு இணையத்தில் யாருக்கும் திறக்கும். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் படிக்கப்போகும் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு, எது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிடிபிடிஎன் கடனும் இதைப் பார்த்துத்தான் கிடைக்கும். அப்புறம், இன்ஸ்பெக்டர் வேலையை எந்தக் கல்லூரியும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆள் எடுப்பது போலீஸ் படை ஆணையம். உடல் தகுதி, நேர்காணல் எல்லாம் தாண்ட வேண்டும். நிரலாக்கம் என்றாலும் இதே கதைதான், மூன்று மாதச் சான்றிதழை டிப்ளோமா என்று விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. நானும் அப்படி ஒரு மேசையில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பேனா எழுதவில்லை. அப்பா, "நாளைக்கு வருவோம்" என்று எழுந்துவிட்டார். அன்று இரவுதான் பதிவேட்டைப் பார்த்தோம்.

குலைவெட்டி மகள்:
அண்ணா, தசமம் வெட்டுப்பட்டால் தொகை குறையும். எனக்கு வந்தது கூடுதல். உங்கள் தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

லயத்துப் பெண்:
சரியாகச் சொன்னாய் தங்கச்சி. நான் இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன். அந்த 555 நோட்டு இருக்கிறதா? சம்பளச் சீட்டு கணினியில் வந்ததுதானே. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்று ஒரு பிரிவு 1993இல் சேர்ந்தது. கணினி வழக்கமான வேலையில் இருந்தபோது வந்த ஆவணம் என்று காட்டினால் நீதிமன்றம் அதை ஏற்கும். ஆனால் சீட்டு அவர்கள் தரப்புக் கணக்கு. எடை என்ன என்று சொல்ல அப்பா கைப்பட எழுதிய குறிப்பு வேண்டும். சம்பளப் புகாரைத் தொழிலாளர் இலாகாவே விசாரிக்கும்.

குலைவெட்டி மகள்:
இருக்கிறது அக்கா. அப்பாவின் தகரப் பெட்டியில், ரப்பர் வளையம் போட்டு வருட வாரியாக வைத்திருக்கிறார். நான் எடுத்துப் பார்த்தது ஒரு மாதம்தான்.