நிபா: மருத்துவர்களுக்கான கேள்வித்தாளில் எதைக் கேட்பது?

காய்ச்சல்பிரிவு:
காய்ச்சல் பிரிவு மருத்துவர்களுக்கு நிபா வைரஸ் நோய் பற்றி 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரிக்கிறோம். பயிற்சிக்கு முன்பும் பின்பும் அதே தாளைத்தான் கொடுக்கப்போகிறோம். வரைவில் இப்போது இருப்பவை: எந்த விலங்கு பரப்புகிறது, தடுப்பூசி உண்டா, இறப்பு விகிதம் எவ்வளவு. எல்லாமே ஆம்/இல்லை வகை. எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

நரம்பியல்:
விலங்கு பற்றி ஒரு கேள்வி போதும் டாக்டர். பழந்தின்னி வௌவால் என்று எல்லோரும் டிக் அடித்துவிடுவார்கள். வெளிநோயாளிப் பிரிவில் சந்தேகம் எழுகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். 1998-99இல் மலேசியாவில் இதை முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டார்கள். கொசு ஒழித்தும் தடுப்பூசி போட்டும் நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான் வரும்; இங்கே பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்களே அதிகம் நோயுற்றார்கள், அதுதான் துப்பு. 2018இல் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்தது துப்பு.

ஆகவே ஒரு நோயாளியை எழுதிக் கொடுங்கள்: வயது 35, நான்கு நாள் காய்ச்சல், தலைவலி, இருமல், இன்று காலையிலிருந்து குழப்பம். தண்டுவட நீரில் லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) கூடுதல், சர்க்கரை இயல்பு. அடுத்து என்ன செய்வீர்கள்? பலர் ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதற்கான அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவார்கள். தொடங்குவது சரிதான், அதோடு நிறுத்துவதுதான் பிழை. பல வைரஸ் மூளைக்காய்ச்சல்களிலும் தண்டுவட நீர் இப்படித்தான் இருக்கும். ‘கடந்த மூன்று வாரத்தில் காய்ச்சலோடு இருந்த யாரையாவது பக்கத்தில் இருந்து கவனித்தீர்களா, மருத்துவமனையில் தங்கினீர்களா?’ என்று உறவினரிடம் கேட்பவருக்கே முழு மதிப்பெண். இன்னொன்று: வங்கதேசத்திலும் கேரளத்திலும் இருமலும் மூச்சுத்திணறலும் முக்கிய அறிகுறிகள். மூளை அறிகுறியை மட்டும் தேடுபவர் அந்த நோயாளிகளைத் தவறவிடுவார்.

ஆய்வகம்:
மாதிரி பற்றி மூன்று கேள்வியாவது வையுங்கள். அறிகுறி தொடங்கிய முதல் நாட்களிலேயே எடுக்க வேண்டும்: தொண்டைத் தடவல் வைரஸ் கடத்து ஊடகத்தில் (வைரஸ் கெடாமல் எடுத்துச்செல்லும் திரவம்), சிறுநீர் 10 மி.லி., ரத்தம் 5 மி.லி., தண்டுவட நீர் குறைந்தது 1 மி.லி. தடவலுக்கு மரக்குச்சியோ கால்சியம் ஆல்ஜினேட் முனையோ கூடாது. அவை வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுத்துவிடும். மூன்று அடுக்குப் பொதி, 2-8 டிகிரி. ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லாமல் வழக்கமான ரத்தக் குழாய்களோடு சேர்த்து அனுப்பிவிட்டால், வாங்கிப் பிரிப்பவருக்குக் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது.

நாள் கடந்தபின் வரும் நோயாளிக்கு பி.சி.ஆர். நெகட்டிவ் வந்ததும் நிபாவை விலக்கிவிடுவதுதான் பெரிய தவறு. நாளாக ஆக வைரஸ் குறையும், தொற்றுக்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் கூடும். எந்த நாளில் எந்தச் சோதனை என்று கட்டாயம் கேளுங்கள்.

தொற்றுத்தடுப்பு:
2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் பாதிக்கப்பட்டோரில் 75 சதவீதம் பேர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது பார்வையாளர்கள். எனவே ‘தனிமைப்படுத்துவது எப்போது?’ என்று கேளுங்கள். சரியான விடை ‘சந்தேகம் வந்தவுடன்’. ‘முடிவு வந்தபின்’ என்று எழுதுபவர் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வையுங்கள், பயிற்சி முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும். மூச்சுக்குழாய் பொருத்தும்போதும் சளி உறிஞ்சும்போதும் எந்த முகக்கவசம்? என்-95, கூடவே கண் பாதுகாப்பு. நோய் அரும்பும் காலம் பொதுவாக 4-14 நாள், தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணிப்பது 21 நாள். இந்த இரண்டு எண்ணையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

ஆம்/இல்லை வகையை விட்டுவிடுங்கள். கண்ணை மூடி டிக் அடித்தாலே பாதி சரியாகிவிடும். நான்கு விடைகளோடு ‘தெரியாது’ என்பதையும் சேர்த்தால், அறியாமை எது, தவறான நம்பிக்கை எது என்று பிரித்துப் பார்க்கலாம். தெரியாதவர் மூத்தவரைக் கேட்பார். தவறாக நம்புபவர் யாரையும் கேட்க மாட்டார்.

காய்ச்சல்பிரிவு:
நன்றி. இறப்பு விகிதக் கேள்வியை வைத்திருக்கலாமா?

நரம்பியல்:
எடுத்துவிடுங்கள். 40 முதல் 75 சதவீதம் வரை இடத்துக்கு இடம் மாறும். அந்த எண் தெரிந்ததால் யாரும் வேறு மாதிரி வைத்தியம் செய்யப்போவதில்லை. அதற்குப் பதில், குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளை அழற்சி திரும்பலாம் என்பதைக் கேளுங்கள். அவர்களை எத்தனை காலம் பின்தொடர வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வரும்.