கம்பஸ் யூனியன் நிகழ்ச்சிகளில் வைக்கும் 'அந்த' ஐட்டம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஹட்டன் பிள்ளை:

எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். கொழும்பில்தான். யூனியன் வைக்கும் வரவேற்பு நாள் எப்படிப் போகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். குத்துவிளக்கு, பீடாதிபதியின் உரை, சிற்றுண்டிப் பெட்டி. பீடாதிபதி காரில் ஏறியதும் கதவைச் சாத்தி லைட்டை அணைத்துவிட்டு டீஜே தொடங்கும்.

மைக் பிடித்த சீனியர் எங்கள் பட்சில் நான்கு பெண்களையும் நான்கு ஆண்களையும் மேடைக்குக் கூப்பிட்டார். நானும் ஒருத்தி. இரண்டு பேரின் உடம்புக்கும் நடுவில் பலூனை வைத்து, கை படாமல் நெருக்கியே வெடிக்க வைக்க வேண்டும். என்னோடு நின்றது ஒரு சிங்களப் பெடியன். அதுவரை ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. நீலப் பலூன். ரப்பர் கீச்சிடுகிறது, வெடிக்கவில்லை. 'தவ லங் வென்ன, தவ லங் வென்ன' என்று மைக்கில் சொல்கிறார். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. முழு ஹோலும் சேர்ந்து அதையே கத்துகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையை மெல்லக் கழற்றி, அந்த ஊசியால் பலூனைக் குத்தினான்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. கள்ள ஆட்டம் என்று சொல்லி இன்னொரு பலூன் தந்தார்கள். அது சிவப்பு.

ஆறு வருடமாகிவிட்டது. போன மாதம் அக்காவின் மகனுடைய பிறந்தநாளுக்குப் பலூன் ஊதச் சொன்னார்கள். கேக் எடுத்து வருகிறேன் என்று வெள்ளவத்தைக்கு இறங்கிவிட்டேன்.

பழைய பொருளாளர்:

நான் மறுபக்கத்தில் இருந்தவன். எங்கள் வருடம் கூட்டம் சேராது என்று பயந்து ஒரு நடனக் குழுவைப் பிடித்தோம். மூன்று பெண்கள். போஸ்டரில் அவர்களுடைய முகத்தைப் போடவில்லை, இடுப்பைத்தான் போட்டோம். அந்த அச்சுக்கூலிக்குக் கையெழுத்து வைத்தவன் நான்.

உடை மாற்ற ஒரு விரிவுரை அறையைக் கொடுத்தோம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல். கீழ்ப்பாதிக்குப் பேப்பர் ஒட்டியிருந்தோம், மேலே ஒட்ட யாரும் மினக்கெடவில்லை. நான் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். போத்தலை வாங்கிய பெண் திரும்பி யன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே வாங்கைப் போட்டு ஏறி நாலைந்து பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவன் எங்கள் கமிட்டி. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. போய் லைட் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று பேரும் இருட்டில்தான் உடுத்தினார்கள். வெளியே நின்ற எனக்கு வளையல் சத்தம் கேட்டது.

முடிய இரவு பதினொன்றரை. கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன வான் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றப் போய்விட்டது. காசை வாங்கிய அவர்களுடைய மனேஜரையும் காணவில்லை. மினுங்கும் உடுப்புக்கு மேல் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கேட்டடியில் நின்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: 'மல்லி, தென் பஸ் தியனவாத?' தம்பி, இப்போது பஸ் இருக்கிறதா என்று. இருக்கும் என்றேன். அந்த நேரத்தில் காலி வீதியில் ஒரு 100ஆம் இலக்க பஸ் வந்தால்தான் உண்டு என்று தெரிந்தே சொன்னேன். என் பொக்கெட்டில் யூனியனின் மிச்சக் காசு 4,000 ரூபா இருந்தது. ஒரு ஓட்டோ பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

கொட்டாஞ்சேனை:

பொருளாளர், அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா?

பழைய பொருளாளர்:

தெரியாது. அதுதான்.

தெஹிவளை அண்ணர்:

பெற்றோர் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். அங்கே இடுப்பாட்டம். நான் படித்த காலத்தில் நாடகமும் விவாதமும்தான். ஒரு படத்தைத் திரையில் போட்டாலே பெரிய விஷயம். ஒரு முறை எங்கள் கலைவிழாவில் அரைகுறை உடுப்போடு ஒரு பிள்ளை ஏறியதும் எழுந்து வந்துவிட்டேன். பண்பாடு என்று ஒன்று இருந்தால் பெண்கள் இப்படி ஏற மாட்டார்கள். நடனம் என்றதையே தடை செய்ய வேண்டும்.

ஆடியவள்:

அண்ணர், நீங்கள் எழுந்து போன அந்த மேடையில் நான் நின்றிருக்கலாம். மேலே இருவர் எழுதியதை வாசித்தீர்களா? முதல் பிள்ளை சாதாரண சல்வாரில் நின்றிருப்பாள். அடுத்த கதையில் தப்புச் செய்தவர்கள் வாங்கில் ஏறி நின்றவர்கள். உடுப்பு எங்கே வந்தது?

2015 டிசம்பரில் கொழும்பில் என்ரிக்கே இக்லேசியஸின் இசை நிகழ்ச்சி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சில பெண்கள் மேடையேறி அவரை முத்தமிட்டார்கள், உள்ளாடையை எறிந்தார்கள் என்று நாடே பேசியது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்றார். பண்பாட்டில் தொடங்கும் பேச்சு இங்கே திருக்கை வாலில்தான் போய் முடிகிறது. சம்மதம் கேட்டீர்களா, மறுத்தால் விட்டீர்களா என்ற கேள்வி வருவதேயில்லை.

எனக்கு நடந்தது இது. மூன்று கிழமை கொமன் ரூமில் பழகி, ஐந்து பேர் ஆடினோம். எனக்கு அந்த ஆட்டத்தில் இன்றும் பெருமை. யூனியனுக்கு வீடியோ எடுத்தவன் கமராவை முழுநேரமும் கீழேயே பிடித்திருக்கிறான். மறுநாள் வட்ஸ்அப்பில் வந்தது நான் குனிந்து எழும்பும் 11 செக்கன். ஆறு நிமிட ஆட்டத்தில் அதை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். விரிவுரைக்குப் போனேன், பின்வரிசையில் யாரோ அதன் பாட்டைச் சத்தமாகப் போட்டார்கள். எங்கள் விரிவுரையாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க ஏலாமல் இருக்கிறது.

கோட்டடிக்காரன்:

என் கதை சின்னது. இரண்டாம் வருடம், மேடையில் ஆடிய பெண்மேல் எறியச் சொல்லி ஒரு சீனியர் 20 ரூபாத் தாளைக் கையில் திணித்தார். எறிந்தேன். அந்தப் பெண்ணின் காலடியில் போய் விழுந்தது. அவர் அதை மிதிக்காமல் சுற்றி ஆடினார்.

இப்போது சட்டத்தொழிலில் இருப்பதால் சொல்கிறேன். ஹட்டன் தங்கச்சி, உங்களுக்கு நடந்தது விளையாட்டு இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் (ராகிங்) தடைச் சட்டத்தில் பகிடிவதை என்றால் அடிப்பது மட்டுமல்ல. மாணவருக்கு மன வேதனையோ பயமோ தரும் செயலும் அதற்குள் வரும். பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தல் நடந்தால் 10 வருடம்வரை சிறை. அந்தச் சட்டம் மாணவர்களையும் ஊழியர்களையும்தான் பாதுகாக்கிறது. வெளியிலிருந்து வந்த நடனப் பெண்களுக்கு அது உதவாது. அவர்களுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது, 1995 திருத்தத்தில் வந்தது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தாலே குற்றம். 5 வருடம்வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். யன்னலில் ஏறியவர்களுக்கு இது போதும்.

இப்போது கமிட்டியில் இருப்பவர்கள் கவனியுங்கள். ஆட வருபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். உடை மாற்றும் அறைச் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். காசை மனேஜரிடம் கொடுக்காமல் ஆடியவரிடமே கொடுங்கள். போக வர வாகனம் உங்கள் பொறுப்பு. புதுமுகங்களை மேடைக்கு இழுக்கவே வேண்டாம். அந்த இருட்டில் யாரும் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் போஸ்டர், வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வோர்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்யலாம். யாராவது எழுத வேண்டுமென்றால் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

ஹட்டன் பிள்ளை:

நன்றி அண்ணா. வழக்குப் போடும் எண்ணத்தில் எழுதவில்லை. அந்தப் பெடியன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எங்கேயாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நான்கு வருடம் ஒரே கன்டீனில் சாப்பிட்டோம். எதிரே வந்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிவிடுவோம். பட்டமளிப்பு விழா பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடந்தது. வெளியே படம் எடுக்கும் இடத்தில் அவனுடைய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, யார் என்று அவனிடம் கேட்டார். 'அபே பட்ச் எகே' என்றான். எங்கள் பட்ச். அம்மா என் கையைப் பிடித்து வாழ்த்தினார். அவன் கவுனை மடித்துக்கொண்டு நின்றான்.