இறந்தகாலத் தொடர்வினை: பழக்கத்தைச் சொல்லலாமா?

கேள்வி: 'வாஸ்' அல்லது 'வேர்' என்பதோடு வினையின் 'இங்' வடிவத்தைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் இறந்தகாலத் தொடர்வினை கிடைக்கும் என்று அறிவேன். அப்படியானால், 'சிறுவயதில் நாள்தோறும் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்' என்பதை 'ஐ வாஸ் கோயிங் டு த லைப்ரரி எவ்ரி டே' என்று எழுதலாமா?

மறுமொழி 1: இங்கே அது பொருந்தாது, நண்பரே. தமிழில் 'கொண்டிருந்தேன்' என்பது நடந்துகொண்டிருந்த செயலையும் பழக்கத்தையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கிலத்திலோ பழக்கத்துக்கு 'ஐ வென்ட்' அல்லது 'ஐ யூஸ்டு டு கோ' என்பதே இயல்பு. தொடர்வினை, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் முடியாமல் நடந்துகொண்டிருந்த செயலுக்கு உரியது. 'ஷி வாஸ் குக்கிங் வென் த பவர் வென்ட் ஆஃப்' என்றால், சமையல் பாதியில் இருக்கையில் மின்சாரம் நின்றது என்று பொருள். அதையே 'ஷி குக்ட்' என்று மாற்றினால், மின்சாரம் நின்ற பிறகுதான் அவர் சமைத்தார் என்று படிப்பவர் கருதக்கூடும்.

மறுமொழி 2: மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. 'ஹி வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்' என்பதில் பழக்கம்தான் சொல்லப்படுகிறது என்றாலும், பேசுபவரின் சலிப்பும் அதில் சேர்ந்தே ஒலிப்பதால் தொடர்வினை அங்கே பொருந்துகிறது.

மறுமொழி 3: நம்மவர் அதிகம் இடறுவது 'ஹேவ்' என்னும் வினையில்தான் என்பது என் கருத்து. உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஹேட் எ கார்' என்றே எழுத வேண்டும். உண்பதைச் சொல்லும்போது 'ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்' என்பது முற்றிலும் சரி. 'நோ' (அறிதல்), 'பிலீவ்' (நம்புதல்) போன்ற நிலை உணர்த்தும் வினைகளும் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை.